காலையில் மட்டும் கத்திய டப்பா

எங்கள் கம்பெனிக்கு இப்போது வருகிற டிடெக்டர்கள் எல்லாம் போனோடு பேசுகின்றன. திருப்பதியில் ஒரு வீட்டில் புகை எழுந்தால் பெங்களூரில் இருக்கும் மகனின் போனுக்குச் சேதி போகிறது. மகன் பதறிப்போய் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுப்புல இன்னா வெச்சிக்கீற?" என்று கேட்கிறான். அம்மா, "மிளகா வறுக்கறேன், உனக்கு அங்கேயே கமறுதா?" என்கிறாள். இதற்குப் பெயர் முன்னேற்றம்.

நான் ஓய்வு பெற்ற அன்று, கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் இரண்டு பேர் என்னை உட்கார வைத்துக் கேட்டார்கள்: "ஆப் எதுவும் இல்லாம அப்பல்லாம் எப்டிக்கா வேல செஞ்சீங்க?" ஏதோ நான் ராஜா காலத்து அரண்மனைகளில் அலாரம் மாட்டிக்கொண்டிருந்தவள் மாதிரி. "காதால செஞ்சோம்" என்றேன். சிரித்தார்கள். நான் சிரிப்புக்காகச் சொல்லவில்லை என்று அப்புறம் விளக்க வேண்டியதாயிற்று. விளக்கியதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் பெயர் கஸ்தூரி. சத்தியவேட்டுக்குப் பக்கத்து ஊர். பக்கத்தில் பேக்டரிகள் வந்தபோது எங்கள் தெருவிலிருந்து முதலில் பஸ் ஏறிய பெண்களில் நானும் ஒருத்தி. அங்கே சின்னச் சின்ன பாகங்களைப் பலகையில் பற்றவைக்கும் வேலை. கணவருக்குத் திருப்பதியில் ஓட்டல் வேலை கிடைத்ததும் குடும்பத்தோடு இங்கே வந்தோம். தீயணைப்புச் சாமான் விற்கும் ஒரு சிறிய கம்பெனியில் ஆள் தேடினார்கள். லாட்ஜுகளுக்கு மாட்டிக்கொண்டிருந்தவர்கள் அப்போதுதான் வீடுகளுக்கும் மாட்ட ஆரம்பித்திருந்தார்கள். புகை வந்தால் கத்துகிற டிடெக்டர் ஒன்று, கார்பன் மோனாக்சைடு என்கிற வாசமில்லாத விஷக்காற்று வந்தால் கத்துகிற டிடெக்டர் ஒன்று. புதிதாக மாட்டுவது, ஆயுள் முடிந்ததைக் கழற்றி மாற்றுவது, அவ்வளவுதான் வேலை. ஆனால் இரண்டையும் படுக்கையறைப் பக்கம்தான் மாட்ட வேண்டும். பகலில் வீட்டில் தனியாக இருக்கும் பெண்கள், ஏணியோடு வரும் ஆண்களைப் படுக்கையறைக்குள் விடமாட்டேன் என்றார்கள். அதனால் எனக்கு வேலை கிடைத்தது.

ஊருக்குப் போய் என் நைனாவிடம் சொன்னேன். அவர் யோசித்துவிட்டுக் கேட்டார்:

"வூட்டுக்கு வூடு போயி இன்னா பண்ணுவ?"

"பொக வந்தா கத்துற மிஷின் மாட்டுவேன் நைனா."

"அதுக்கு ஏம்மா மிஷினு? உங்கம்மா ஒருத்தி போதாதா?"

பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டிரில் பிடிக்கவும், மேலே பார்த்துக்கொண்டே ஏணியில் நிற்கவும், கண்ணில் சுண்ணாம்புத் தூள் விழாமல் சுவரைத் துளைக்கவும் கற்றுக்கொண்டேன். மற்றதெல்லாம் சேஷய்யா சாரிடம்.

சேஷய்யா சார் எங்கள் சூப்பர்வைசர். தெலுங்குக்காரர். எங்களோடு பேசுவதற்கென்று தானே ஒரு தமிழைத் தயாரித்து வைத்திருந்தார். எந்த வெயிலிலும் சட்டையின் கழுத்துப் பொத்தானைக் கழற்றமாட்டார். குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கத்துவதற்குத்தான் மிஷின் வாங்கி வைத்திருக்கிறோமே என்று நினைத்தாரோ என்னவோ.

ஒரு வீட்டுக்குள் போனால் முதலில் எல்லா ஃபேனையும் முழு வேகத்தில் போடச் சொல்வார். பிறகு ஒரு ஊதுபத்தியைக் கொளுத்திக் கையில் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடப்பார். வீட்டுக்காரர்கள் ஏதோ பூஜை என்று நினைத்துக் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அவர் பார்ப்பது புகை போகும் வழியை. ஃபேன் அதை எந்தப் பக்கம் தள்ளுகிறது, எந்த மூலையில் புகை எட்டவே இல்லை, சமையலறைத் தாளிப்பு எதுவரை வருகிறது என்று பார்த்த பிறகுதான், "ஈ இடம்" என்று விரலை நீட்டுவார். அங்கே பென்சிலால் நான் ஒரு புள்ளி வைக்க வேண்டும். சுவரும் கூரையும் சேரும் மூலையில் வைத்தால் கோபம் வரும். "புகைக்கே பிடிக்காத இடத்துல புகை மிஷினா? வத்து" என்பார். தெலுங்கில் வேண்டாம் என்று அர்த்தம்.

அடுத்த காரியத்துக்குத்தான் எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும். வீட்டுக்காரர்களிடம் அனுமதி கேட்டுக்கொண்டு, அவர்கள் கட்டிலில் படுத்துவிடுவார். தலையணையில் தலை வைத்து, கண்ணை மூடி, படுக்கையறைக் கதவைச் சாத்தச் சொல்வார். வெளியே நான் டிடெக்டரின் பொத்தானை அமுக்க வேண்டும். கதவு சாத்திய அறையில், தலையணை வரைக்கும் சத்தம் எட்டுகிறதா என்று பார்க்கிறாராம். ஒரு தடவை உண்மையிலேயே தூங்கிவிட்டார். சத்தம் எட்டவில்லை. எழுந்து வந்து, "சூடும்மா, அதனாலதான் படுத்துப் பாக்கணும்" என்றார். 'சூடு' என்றால் தெலுங்கில் 'பார்'. தூங்கியதற்கும் ஒரு பயன் கண்டுபிடித்துவிட்ட அந்த முகத்தை என்னால் மறக்க முடியாது.

மாட்டுவதைவிட மாற்றுவதுதான் சிரமம். எல்லா டிடெக்டருக்கும் ஆயுள் உண்டு. பின்பக்கம் அச்சடித்திருக்கும். ஆனால் கூரையில் இருப்பதைத் திருப்பிப் பார்ப்பவர் யார்? பெயின்ட் அடிக்கும்போது அதற்கும் சேர்த்து அடித்துவிடுவார்கள். தூசி படக்கூடாது என்று பாலிதீன் உறையோடு விட்டு வைப்பார்கள். டிவி ரிமோட்டில் பேட்டரி தீர்ந்தால், ஸ்டூல் போட்டு ஏறி இதிலிருந்து எடுத்துக்கொள்வார்கள்.

ஒரு வீட்டு ஐயாவைச் சொல்ல வேண்டும். பேட்டரி தீரப்போகும் டிடெக்டர் விட்டுவிட்டு ஒரு சின்ன 'கீச்' கொடுக்கும். ஐயா அதைப் பல்லி என்று முடிவு செய்துவிட்டார். பஞ்சாங்கத்தை எடுத்து வைத்துக்கொண்டு, எந்தத் திசையிலிருந்து சொல்லிற்று, என்ன கிழமை என்று பலன் பார்க்கத் தொடங்கினார். பயணம் இரண்டு தள்ளிப்போயிற்று. ஒரு சம்பந்தம் பேச்சோடு நின்றது. நான் போய் அந்த டப்பாவைக் கழற்றிக் கையில் காட்டினேன். என் கையிலிருந்தே ஒரு 'கீச்'. ஐயா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பஞ்சாங்கத்தை மூடினார்.

"புதுசு போட்டா இது சொல்லாதா?"

"பேட்டரி தீர்ற வரைக்கும் சொல்லாது ஐயா."

"அப்ப அதுவரைக்கும் நான் எதைத்தான் நம்பறது?" என்றார். அந்த வீட்டம்மா சமையலறையிலிருந்து வந்து எனக்கு இரண்டு மடங்கு சர்க்கரை போட்டுக் காப்பி கொடுத்தாள்.

இப்படிச் சிரித்துக்கொண்டே போயிருக்கக்கூடிய வேலைதான். ஆனால் ஓய்வு பெற்ற அன்று அந்தக் கம்பெனிப் பெண்கள் கேட்ட கேள்விக்குப் பதில் தேன்மொழி வீட்டில்தான் இருக்கிறது.

அலிபிரிப் பக்கம், மலையடிவாரத்தை ஒட்டி ஒரு அபார்ட்மெண்ட். அதில் மூன்றாம் மாடியில் மோகன், தேன்மொழி என்று கல்யாணமாகி அதிக நாள் ஆகாத ஜோடி. மோகனுக்குச் சொந்த ஊர் சித்தூர். ஸ்ரீசிட்டியில் வேலை, விடிவதற்கு முன்பே கம்பெனி பஸ். தேன்மொழி திருவள்ளூர்ப் பெண், திருப்பதியில் ஒரு ஓட்டலில் கணக்கு எழுதுகிறவள். வெந்நீருக்கு கேஸ் கீசர் வைத்திருந்தார்கள். சிலிண்டரில் எரிந்து தண்ணீரைச் சூடாக்கும் பெட்டி. முறைப்படி அது குளியலறைக்கு வெளியே, சமையலறையை ஒட்டிய பின்பால்கனியில் திறந்தவெளியில் இருந்தது. மோகன் தன் மேலதிகாரி வீட்டில் கார்பன் மோனாக்சைடு டிடெக்டரைப் பார்த்துவிட்டு, கீசர் இருக்கிறதே என்று தானும் ஒன்று வாங்கினான். நான்தான் மாட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேல் அது வாயே திறக்கவில்லை.

பிறகு ஒரு சனிக்கிழமை, தேன்மொழி விரதம். வெறும் வயிற்றோடு சமையலறைக்குள் போனபோது, பால்கனி வழியாக வந்த குரங்கு ஒன்று வாழைப்பழச் சீப்போடு அவளுக்கு எதிரே நின்றது. பயத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். மோகன் அன்று அம்மாவிடம் போனில் பேசும்போது, "தேனுக்குக் கொஞ்சம் மயக்கமா கீதுமா" என்று மட்டும் சொன்னான். விரதத்தைச் சொல்லவில்லை. குரங்கையும் சொல்லவில்லை. அம்சவேணி அம்மாளுக்கு மயக்கம் என்ற ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. அடுத்த பஸ்ஸிலேயே கணவரைக் கூட்டிக்கொண்டு சித்தூரிலிருந்து வந்து இறங்கிவிட்டார்.

அந்த அம்மாள் கெட்ட மாமியார் இல்லை. அப்படி இருந்திருந்தால் இந்தக் கதையே நடந்திருக்காது. மருமகளைத் தரையில் நடக்கவிடவில்லை. முதல் வேலையாக, பிள்ளைத்தாய்ச்சிப் பெண் இருக்கும் வீட்டில் குரங்கு வரலாமா என்று, ஆள் வைத்துப் பின்பால்கனி முழுவதையும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டால் அடைத்தார். காற்றுகூடப் புகாத வேலை. கீசர் உள்ளே மாட்டிக்கொண்டது. இரண்டாவது வேலையாக, தினமும் காலையில் தேன்மொழிக்கு நல்ல சூடாக வெந்நீர்க் குளியல் என்று ஏற்பாடு செய்தார்.

கீசர் எரிந்தது. வெளியே போக வழியில்லாத விஷக்காற்று, பால்கனிப் பக்கம் இருந்த குளியலறை ஜன்னல் வழியாக உள்ளே போயிற்று. தேன்மொழிக்குத் தலைவலி வந்தது, குமட்டல் வந்தது. அம்மாளுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குமட்டல் அதிகமாக ஆக, பையன்தான் என்று முடிவு செய்து இன்னும் கொஞ்சம் வெந்நீர் சேர்த்தார். தனக்கும் தலை வலித்ததை ஊர் மாறிய தண்ணீர் என்றார். கணவருக்கு வலித்ததைக் கண்ணாடி பவர் என்றார். வார லீவு நாளில் மட்டும் தலைவலி வந்த மோகன், டிவி அதிகம் பார்க்கிறோம் என்று நினைத்தான்.

உண்மையைச் சொல்லிக்கொண்டிருந்தது அந்த டப்பா ஒன்றுதான். தினமும் காலையில், நாலு நாலு சத்தமாக. அதை எல்லோரும் மிஷின் கோளாறு என்றார்கள், லீவு நாளில் கேட்ட மோகன் உட்பட.

மோகனின் அப்பா அதைக் கழற்றி எங்கள் கடைக்கே எடுத்து வந்தார். பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். கூட்டமே இல்லாத கடையிலும் உடம்பை ஒருச்சாய்த்துக்கொண்டுதான் நுழைந்தார்.

"இது காலங்காத்தால ஒப்பாரி வெக்குது சார். வூட்ல நல்ல சேதி இருக்கற நேரம். எங்க வூட்டம்மா திட்டிக்கினே கீது. வேற குடுங்க."

சேஷய்யா சார் அதைச் சோதித்துப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. இருந்தாலும் புதுசு ஒன்றைக் கொடுத்து, "இதுவும் கத்தினா அந்த நிமிஷமே போன் செய்யுங்க" என்றார்.

மறுநாள் காலையில் நான் வேலைக்கு வந்து சேர்ந்தபோது போன் மணி அடித்துக்கொண்டிருந்தது. சார் எடுத்தார்.

"சார், புதுசும் கத்துது சார். எங்க வூட்டம்மா துண்டுல சுத்தி அரிசி டிரம்முல போட்டு மூடிட்ச்சி. இப்ப உள்ளாற இருந்து கத்துது."

சாரின் முகம் மாறியதை அன்றுதான் பார்த்தேன். "கீசர் ஆஃப் பண்ணுங்க. ஜன்னல் தெறங்க. எல்லாரும் வெளிய வாங்க" என்று மூன்று வாக்கியம் சொன்னார். அந்தப் பக்கம் கண்டக்டர் தன் மனைவியிடம் அதையே சொல்வதும், "தேனு கொழந்த குளிக்கப் போயிட்ச்சி, முடிஞ்சதும் பாத்துக்கலாம் சொல்லு" என்று அந்த அம்மாள் பதில் சொல்வதும் கேட்டது. பிறகு லைன் கட்டாகிவிட்டது.

"கஸ்தூரி, ரெண்டு மிஷின் சேர்ந்து ஒரே பொய் சொல்லாது. பத" என்றார். கிளம்பு என்று அர்த்தம்.

சேஷய்யா சாரின் ஸ்கூட்டரை சைக்கிள்கள் முந்திப் போவதை நான் பார்த்திருக்கிறேன். அன்று அதே ஸ்கூட்டர், மலைக்குப் போகும் பஸ் இரண்டை இடதுபக்கமாக முந்தியது. பின்னால் உட்கார்ந்திருந்த நான் ஏழுமலையானைக் கீழிருந்தே கூப்பிட்டேன்.

வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அரிசி டிரம்முக்குள் டப்பா கத்திக்கொண்டிருந்தது. அம்சவேணி அம்மாள் சமையலறைத் தரையில், சுவரில் சாய்ந்து, கையில் கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து எழ முயன்றார், முடியவில்லை. "ஒண்ணுமில்ல, லேசா தல சுத்துது" என்றார். கண்டக்டர் குளியலறைக் கதவைத் தட்டிக்கொண்டு நின்றார். உள்ளே தண்ணீர் விழும் சத்தம் மட்டும்தான்.

சார் மூச்சை அடக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய் சிலிண்டரை மூடினார். அந்த பிளாஸ்டிக் ஷீட்டை ஒரே உதை. அது பிய்ந்து கீழே தொங்கியது. கட்டிலில் கண்மூடிப் படுக்கும் அந்த மனிதருக்கு இப்படி ஒரு உதை இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. நானும் கண்டக்டரும் குளியலறைக் கதவில் தோளைக் கொடுத்தோம். பிளாஸ்டிக் கதவுதான். இரண்டாவது இடியில் தாழ்ப்பாள் பெயர்ந்தது.

தேன்மொழி பக்கெட்டின் ஓரமாகச் சரிந்து கிடந்தாள். கன்னம் நல்ல சிவப்பாகத்தான் இருந்தது. அந்தக் காற்று ஏறினால் முகம் சிவக்கும் என்று சார் சொல்லியிருந்ததால், அதுதான் எனக்கு அதிகப் பயமாக இருந்தது. கண்டக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "அம்மா தேனு, அம்மா தேனு" என்று சுவரைப் பார்த்துக் கூப்பிட்டார். நான் ஒரு துண்டைச் சுற்றி அவளைத் தூக்கினேன். போதவில்லை. பின்னாலிருந்து, முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டே, சேஷய்யா சார் தன் சட்டையைக் கழற்றி நீட்டினார். கழுத்துப் பொத்தான் உட்பட எல்லாப் பொத்தான்களும் அறுந்திருந்தன. அதைப் போர்த்திப் படிக்கட்டுக்குத் தூக்கி வந்தோம். அம்சவேணி அம்மாளை அவர் கணவர் அணைத்துக் கூட்டி வந்தார். பனியனோடு நின்று சார் 108-க்குப் போன் செய்தார்.

காற்றுப்பட்ட கொஞ்ச நேரத்தில் தேன்மொழி இருமினாள். கண் திறக்கவில்லை, ஆனால் இருமினாள். அதைவிட நல்ல சத்தத்தை என் சர்வீஸில் நான் கேட்டதில்லை.

ஆம்புலன்ஸில் மாமியாரையும் மருமகளையும் ஏற்றினார்கள். நானும் ஏறிக்கொண்டேன். கதவைச் சாத்தியதும், வெளியே நின்ற கண்டக்டர் வண்டியின் பக்கவாட்டில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்றார். சொன்ன பிறகுதான் தான் ஏறவில்லை என்பது அவருக்கு உறைத்தது. வண்டி போய்விட்டது. பின்னாலேயே ஸ்கூட்டரில், பனியன் போட்ட சாரின் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்.

ஆஸ்பத்திரியில் இருவருக்கும் பக்கத்துப் பக்கத்துப் படுக்கை, இருவருக்கும் ஆக்ஸிஜன். ரத்தம் எடுத்துப் பார்த்த டாக்டரம்மா, இன்னும் கொஞ்ச நேரம் போயிருந்தால் பேச ஒன்றும் இருந்திருக்காது என்றார். பிறகு கர்ப்பம் என்று யாரோ சொன்னார்களே, எத்தனை மாசம் என்று கேட்டார்.

"மூணாவது" என்று மாஸ்க்குக்குள்ளிருந்து அம்சவேணி அம்மாள் சொன்னார்.

டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுத் திரும்பி வந்தார். தெலுங்கில் மெதுவாகச் சொன்னார். கர்ப்பம் இல்லை. இருந்ததற்கான அறிகுறியும் இல்லை. அந்தக் குமட்டல், மயக்கம், தலைவலி எல்லாமே அந்தக் காற்று செய்ததுதான்.

அம்மாள் மாஸ்க்கை இறக்கினார். என்னைப் பார்த்தார். "உன் மிஷினு எம் பேரன துன்னுட்ச்சேம்மா" என்றார். கோபம்கூட இல்லை, பசியில் இருப்பவர் சொல்வது மாதிரி ஒரு குரல். மிஷின் பக்கம் எவ்வளவோ நியாயம் இருந்தது. அந்த முகத்தின் முன்னால் நியாயம் பேச யாரால் முடியும்?

பேசியது தேன்மொழிதான்.

"அத்த, நான்தான் சொன்னேன் இல்ல? போன மாசம்கூட தலைக்கு ஊத்திக்கினேன்னு சொன்னேன். சிலருக்கு அப்பிடியும் வரும்னு சொல்லிட்டீங்க."

"சொன்ன..."

"டெஸ்ட் பண்ணிடலாம்னேன். நாள் சரியில்லன்னு சொன்னீங்க."

"சொன்னேன்..."

"எனக்கே கொழப்பமாயிட்ச்சி அத்த. நீங்க அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க. ஒருவேள இருக்குமோன்னு நானும் நெனச்சிக்கினேன்."

அதற்குப் பிறகு இரண்டு பேரும் அழுதார்கள். ஒரே படுக்கையில் உட்கார்ந்து அழ வேண்டிய அழுகை. நடுவில் இரண்டு சிலிண்டர் இருந்தது. தேன்மொழி கையை நீட்டினாள். எட்டவில்லை. நான் ஸ்டாண்டைக் கொஞ்சம் நகர்த்திவிட்டேன்.

"பேரன் வர்றப்ப வரட்டும் அத்த. வர்றதுக்கு நான் இருக்க வாணாமா?"

அம்மாள் அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அப்போது மோகன் பேக்டரி யூனிஃபார்மோடு ஓடி வந்தான். இரண்டு படுக்கைக்கும் நடுவில் நின்று யாரை முதலில் பார்ப்பது என்று தெரியாமல் என்னைப் பார்த்தான்.

சேஷய்யா சார் வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். யாரோ கொடுத்த ஆஸ்பத்திரிப் போர்வை தோளில். நான் போய் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டுப் போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பிறகு, "ஆ பால்கனி எவ்ளோ பிரேமமா மூடினாங்க சூடு" என்றார். அவருடைய தமிழில் நான் கேட்ட மிகச் சோகமான வாக்கியம் அது. ஓய்வு பெற்ற அன்று இதை அந்தக் கம்பெனிப் பெண்களிடம் சொன்னபோது, ஆப் இருந்திருந்தால் மோகனுக்கு முதல் நாளே சேதி போயிருக்குமே என்று ஒருத்தி கேட்டாள். போயிருக்கும். மோகன் அம்மாவுக்குப் போன் செய்திருப்பான். அம்மா, "ஒண்ணுமில்ல, கொழந்த குளிக்குது" என்றிருப்பார். எந்த மிஷினாலும் கத்தத்தான் முடியும். ஏன் கத்துகிறது என்று பார்க்க ஒரு ஆள் படியேறி வர வேண்டும்.

தேன்மொழி பிழைத்து, சில வாரத்தில் வேலைக்கும் போனாள். பால்கனி மறுபடி திறந்தது. குரங்குகளும் வந்தன. குளியலறைக்குக் கரண்ட் கீசர் வந்தது. நான் அந்த வீட்டுக்கு வழக்கமான சோதனைக்குப் போகும்போதெல்லாம் அம்சவேணி அம்மாள் சித்தூர் போயிருப்பார். என்னைப் பார்க்கப் பிடிக்காமல்தான் நாள் பார்த்துப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். தப்பில்லை என்றும் நினைத்தேன்.

அப்புறம் ஒரு நாள் அவரிடமிருந்தே போன் வந்தது.

"கஸ்தூரிம்மா, சித்தூர் வரியா? ஒண்ணு மாட்டணும்."

ஏணி, டிரில், புது டிடெக்டர் எல்லாவற்றோடும் பஸ் பிடித்துப் போனேன். அவர்கள் வீடு ஓட்டு வீடு. நாலு பக்கமும் காற்று. வெந்நீர் கொல்லையில், வானத்துக்குக் கீழே, விறகுக் கொப்பரையில் காய்ந்துகொண்டிருந்தது. நான் சுற்றிப் பார்த்துவிட்டு, "அம்மா, இங்க இது தேவையே இல்லீங்க. எரியறதெல்லாம் வெளிய கீது" என்றேன்.

"இங்கன்னு யாரு சொன்னா? வா" என்று என் கையைப் பிடித்தார்.

தெருவில் இரண்டு வீடு தள்ளிப் புதுசாகக் கட்டிய மாடி வீடு. கதவைத் தட்டவில்லை, கூப்பிடவில்லை. செருப்பை மட்டும் கழற்றிவிட்டு நேராக உள்ளே நடந்தார். நான் ஏணியோடு பின்னால் ஓடினேன். அந்த வீட்டுக்காரப் பெண், "இன்னா அம்சா அக்கா? யாரு இவங்க?" என்று கேட்டுக்கொண்டே எங்கள் பின்னால் வந்தாள். அம்சவேணி அம்மாள் குளியலறைக் கதவைத் திறந்தார். உள்ளேயே, சுவரில், பளபளவென்று ஒரு கேஸ் கீசர். மேலே இருந்த சின்ன ஜன்னலில் கொசு வராமல் இருக்க அட்டை வைத்து ஒட்டியிருந்தது.

"இத இங்கருந்து எடுத்துடு" என்றார் அம்மாள். "அட்டைய இப்பவே பிய். இந்தம்மா ஒரு டப்பா மாட்டும். அது கத்துச்சின்னா எல்லாரும் வெளிய வந்துடுங்க."

அந்தப் பெண்ணுக்குக் கொஞ்சம் கோபம், கொஞ்சம் சிரிப்பு. "இன்னாக்கா நீ? வாங்கி மூணு மாசமாவுது. எங்க வூட்ல எல்லாரும் நல்லாத்தான கீறோம்?"

அம்சவேணி அம்மாள் அந்தக் கீசரைப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"நாங்களும் நல்ல சேதின்னுதாம்மா நெனச்சிக்கினு இருந்தோம்."

அந்தப் பெண்ணின் சிரிப்பு நின்றது. ஜன்னலைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் ஏணியை விரித்தேன்.